இடது பக்கக் கதவு

வண்டிக்குப் பெயிண்ட் அடித்து, நாலு நாள் காயப்போட்டு, கதவுகளைத் திரும்ப மாட்டிய அன்றைக்குத்தான் தெரிந்தது, இடது பக்க முன்கதவு சாத்தவில்லை. மற்ற மூன்றும் சமர்த்தாகப் போய் உட்கார்ந்தன. இது மட்டும் மேல் மூலையில் இடித்துக்கொண்டு, கீழே வாயைப் பிளந்துகொண்டு நின்றது. டிரைவர் மெதுவாகத் தள்ளிப் பார்த்தார். இடுப்பால் முட்டிப் பார்த்தார். கடைசியில் ஓங்கி ஓர் அறை விட்டதும் கொக்கி மாட்டிக்கொண்டது.

"புதுசா மாட்டியிருக்குல்ல, கொஞ்சம் விறைப்பா இருக்கு. பழகினா சரியாயிடும்," என்றார். யாரும் எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் அவர் மனைவி மட்டும்தான் நின்றாள், கழுத்தில் இஞ்சு டேப்போடு.

அவளுக்கு அந்தக் கட்டடத்தில் டெய்லரக்கா என்று பெயர். மூன்று மாடிக்கும் ஏறுகிற படிக்கட்டுக்கு அடியில் இருக்கிற முக்கோணச் சந்துதான் அவள் கடை. ஒரு மெஷின், ஒரு பல்பு, ஒரு ஸ்டூல். மேலே யார் ஏறினாலும் இறங்கினாலும் அவள் தலையில் மண் உதிரும். செருப்புச் சத்தத்தை வைத்தே போவது யார் என்று சொல்லிவிடுவாள். துணி வெட்ட அங்கே இடம் கிடையாது. வீட்டுக்குள் போய்க் கட்டிலில் விரித்து, மண்டி போட்டு வெட்டிக்கொண்டு வருவாள். முழங்கால் இரண்டும் காய்த்துப் போயிருந்தன.

பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே கடிகாரம் ரிப்பேர் பார்ப்பவர் கடையைக் காலி செய்யப் போகிறார் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தெருவோடு ஒட்டிய அறை, இரும்பு ஷட்டர், ஆறடி மேசை போட இடம். யூனிஃபாரம் தைக்கிற சீசனுக்கு ஒன்றரை மாதம்தான் பாக்கி. "மாசக் கடைசி திங்கக்கிழமை சாயங்காலம் வரைக்கும் உனக்காகப் பார்ப்பேம்மா. அதுக்கு மேல என் கையில இல்லை," என்று கடிகாரக்காரர் சொல்லியிருந்தார். அட்வான்ஸுக்குப் பணம் அவளிடம் இருந்தது. இருந்தது என்றால், ஒரு காலத்தில் இருந்தது. இப்போது அது வண்டிக்குள் போய்விட்டது.

அந்த வண்டி வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். டிரைவர் இருபத்திரண்டு வருடம் ஒரே முதலாளிக்கு ஓட்டியவர். கம்பெனி படுத்துக்கொண்டபோது சம்பள பாக்கிக்குப் பதிலாக ஒருவருக்கு மேசை, ஒருவருக்கு ஃபேன், ஒருவருக்கு இரும்பு பீரோ என்று பிரித்துக் கொடுத்தார்கள். இவருக்குக் கிடைத்தது பின்பக்கத்து ஷெட்டில் பத்து வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்த பழைய கார். முதலாளியின் அப்பா காலத்து வண்டி. உருண்டை விளக்கு, நீள மூக்கு, கப்பல் மாதிரி உடம்பு. இவர் சேர்ந்த முதல் நாள் ஓட்டியதே அதைத்தான். கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து கட்டடத்துப் பின்முற்றத்தில் நிறுத்தியபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, ராஜ்யத்தையே எழுதி வாங்கிக்கொண்டு வந்த மாதிரி நின்றார்.

"ஏண்ணா, இதை எந்தப் பாத்திரத்துல போட்டு வேகவைக்கிறது?" என்று கேட்டாள் தங்கச்சி. அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். கல்யாணம் கில்யாணம் எல்லாம் வேண்டாம் என்று அண்ணன் வீட்டிலேயே இருப்பவள். மாத்திரை எடுத்துக் கொடுக்கிற வேகத்திலேயே வாயிலிருந்து வார்த்தையும் வரும்.

"சிரி, சிரி. கல்யாணத்துக்கு இந்த மாதிரி வண்டியைத்தான் தேடறாங்க. போட்டோ பிடிக்கிறவங்க வரிசையில நிப்பாங்க. பெயிண்ட் அடிச்சா போதும்."

பெயிண்ட் அடித்தால் போதும் என்பது ஆறு மாதத்துக்கு முந்தின பேச்சு. பெயிண்ட் அடிக்கச் சுரண்டினால் கீழே துரு. துருவை எடுத்தால் தகரமே கையோடு வந்தது. எஞ்சினைத் திறந்தால் பிஸ்டன் ஒட்டிக் கிடந்தது. அதைச் சரிபார்த்தால் ரேடியேட்டர் ஒழுகியது. ஒரு நாள் கால்மிதியைத் தூக்கிப் பார்த்தால் தரையில் ஓடுகிற எறும்பு வண்டிக்குள்ளிருந்தே தெரிந்தது. போட்ட திட்டத்தைப் போல மூன்று பங்கு தின்றுவிட்டு வண்டி இன்னும் பசியோடு நின்றது. முதலில் டிரைவரின் கைக்காசு போயிற்று. பிறகு தங்கச்சி சேர்த்து வைத்தது. கடைசியில் ஒரு நாள் டெய்லரக்காவே பெட்டியைத் திறந்து கடை அட்வான்ஸை எடுத்துக் கொடுத்தாள். அவர் கேட்கவில்லை. கேட்காமல் அடுப்படி வாசலில் வந்து வந்து நின்றுவிட்டுப் போனார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

தகர வேலைக்கு வந்தவருக்கு ஆயிடும் அண்ணன் என்று பட்டப்பெயர். எதைக் கேட்டாலும் அதுதான் பதில். ஓட்டை அடையுமா, ஆயிடும். வெள்ளிக்கிழமைக்குள்ளே முடியுமா, ஆயிடும். நல்ல கைதான், ஆனால் நாலு இடத்தில் வேலையை ஒப்புக்கொண்டு எட்டு இடத்தில் திட்டு வாங்குகிற மனுஷன். அவர்தான் காட்டினார், இடது பக்கம் கதவுகளுக்குக் கீழே, வண்டியின் நீளத்துக்கும் ஓடுகிற அடிச்சட்டம் உளுத்துப் போயிருந்ததை. ஷெட்டுக் கூரை பத்து வருடம் அந்தப் பக்கமே ஒழுகியிருக்கிறது.

"இதை முழுசா வெட்டி எடுத்துட்டுப் புதுசு வெச்சுப் பத்தவைக்கணும். வெட்டவே ரெண்டு நாள் கூலி ஆகும்," என்றார்.

"வெட்டறதை நானே வெட்டி வெச்சிடறேன். நீங்க வந்து பத்தவெச்சா போதும். ஆகுமா?"

"ஆயிடும்."

அங்கேதான் வந்தது வினை. இரண்டு நாள் கூலி மிச்சம் என்று டிரைவர் வாடகைக்கு ஒரு கட்டர் எடுத்துவந்தார். கதவுகளை ஏற்கெனவே கழற்றிச் சுவரோரம் சாத்தியிருந்தார்கள். வண்டி தன் நாலு டயரிலேயே நின்றது. அன்றைக்கு விடாத மழை. தார்ப்பாய்க்கு அடியில் படுத்துக்கொண்டு முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஒரே மூச்சில் அறுத்தார். படிக்கட்டுக்கு அடியில் மெஷின் மிதித்துக்கொண்டிருந்தவளுக்கு அந்தச் சத்தத்தில் பல் கூசியது. சாயங்காலம் தலைமுடியெல்லாம் துருப்பொடியோடு வந்து, ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டுவிட்டு, "பார்த்தியா, ஒரே நாள்ல முடிச்சிட்டேன்," என்றார். மழையால் ஆயிடும் அண்ணன் வர மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் வண்டி இடது பக்கம் ஆதாரமே இல்லாமல் நின்றது. வந்தவர் புதுத் தகரத்தை வைத்துப் பற்றவைத்தார், மேடு பள்ளம் தெரியாமல் பட்டி பூசித் தேய்த்தார், பெயிண்ட் அடித்தார். கதவை ஒரு தரம் மாட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

கதவு சாத்தாத அன்று டிரைவர் கை கழுவப் போனதும், அவள் கழுத்திலிருந்த டேப்பை எடுத்துக் கதவுச் சந்தில் வைத்துப் பார்த்தாள். ஓர் இஞ்சுக்கு எட்டு நூல். மேலே ஒரு நூல் சந்துகூட இல்லை. கீழே அஞ்சு நூல், கட்டைவிரல் தாராளமாகப் போனது. மறுபடி அளந்தாள். வலது பக்கக் கதவுக்குப் போய் அங்கேயும் அளந்தாள். அங்கே மேலும் கீழும் ஒரே மாதிரி இரண்டு நூல்.

இது கதவின் கோளாறு இல்லை. உடம்பே நடுவில் தொய்ந்திருக்கிறது. தைக்கிறவளுக்கு இதை யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. நூலோட்டாமல், அதாவது பிடிப்புக்குத் தற்காலிகத் தையல் போடாமல், துணியைப் பிரித்தால் என்ன ஆகும்? தன் கனத்துக்குத் தானே இழுத்துக்கொண்டு கோணும். கோணினபடியே மேல் தையல் போட்டுவிட்டால் அப்புறம் எந்த இஸ்திரிக்கும் அடங்காது. அவர் நூலோட்டாமல் பிரித்துவிட்டார். ஆயிடும் அண்ணன் கோணல் மேலேயே தையல் போட்டுவிட்டார்.

சொல்லலாம் என்றுதான் வீட்டுக்குள் போனாள். டிரைவர் கண்ணாடி முன்னால் நின்று, முதலாளிக்கு ஓட்டிய காலத்து வெள்ளைச் சட்டையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "தொளதொளன்னு இருக்கா? கொஞ்சம் பிடிச்சுக் குடுக்கறியா? முதல் சவாரிக்கு இதைத்தான் போடப்போறேன்," என்றார். அவள் ஒன்றும் சொல்லாமல் சட்டையை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் தெருவைச் சுற்றி ஒரு ஓட்டம் போனார்கள். அவள் முன்னால் இடது பக்கம் உட்கார்ந்தாள். எஞ்சின் என்னவோ நன்றாகத்தான் பேசியது. அவர் விசிலடித்துக்கொண்டு ஓட்டினார். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருக்கும் வேகத்தடையில் ஒரு சக்கரம் ஏறியதும் பக்கத்துக் கதவு பட்டென்று திறந்துகொண்டது. தார் ரோடு அவள் காலடியில் ஓடியது. "ஐயோ!" என்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். வண்டி நின்ற பிறகும் அவள் தோளை விடவில்லை.

"கொக்கிதான், வேற ஒண்ணும் இல்லை. கொக்கியைக் கொஞ்சம் வளைச்சா சரியாயிடும்," என்றார் அவர். அவர் உதடும் வெளுத்திருந்தது.

அன்று சாயங்காலம்தான் தங்கச்சி அந்தச் செய்தியைக் கொண்டு வந்தாள். மருந்துக்கடைக்கு வந்துபோகிற பல் டாக்டருக்குப் பழைய கார் என்றால் பைத்தியமாம். பேச்சுவாக்கில் இவள் சொல்ல, நல்ல விலைக்கே எடுத்துக்கொள்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டாராம்.

"விக்கறதுக்கா இவ்வளவு பாடுபட்டேன்?" என்றார் டிரைவர்.

"விக்காம என்னண்ணா பண்ணப்போறே? இன்னும் சீட்டு தைக்கலை, ஆர்.சி. புக் புதுப்பிக்கலை, இன்ஷூரன்ஸ் இல்லை. கல்யாணக்காரங்க வரிசையில நிக்கறாங்கன்னியே, எங்கே, நான் பார்த்தவரைக்கும் வாசல்ல பூனைதான் நிக்குது."

"நீ சும்மா இருடி."

"வித்துடுங்க," என்றாள் டெய்லரக்கா.

அவர் திரும்பிப் பார்த்தார். இந்த ஆறு மாதத்தில் அவள் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை எதிராகச் சொன்னதில்லை. "கடைக்காகவா?" என்று கேட்டார். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். அவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சரி. உனக்கும் ஒரு இடம் வேணும்தான். வரச் சொல்லு," என்று எழுந்து போனார். அந்தக் கதவு திறந்ததைப் பற்றி அவர்கள் இரண்டு பேருமே தங்கச்சியிடம் சொல்லவில்லை.

வியாழன் முதல் சனி வரை டிரைவருக்கு வேறொருவர் காரை ஓட்டிப்போகிற வெளியூர்ச் சவாரி ஒன்று கிடைத்தது. அவர் கிளம்பிப் போனதும் அவள் ஆயிடும் அண்ணனுக்கு ஆள் விட்டாள். அவர் வந்தார், கதவுச் சந்தைப் பார்த்தார், டேப்பைப் பார்த்தார், வெற்றிலை போட்டவர் மாதிரி வாயை மூடிக்கொண்டு நின்றார்.

"உண்மையைச் சொல்லுங்கண்ணே. உடம்பு தொய்ஞ்சிருக்குதானே?"

"ஆமாம்மா. வெட்டும்போது நடுவுல முட்டுக் குடுத்திருக்கணும். உங்க வீட்டுக்காரருக்குத் தெரியலை. எனக்குத் தெரியும், நான் கதவை மாட்டிப் பார்த்துட்டுப் பத்தவெச்சிருக்கணும். அடுத்த இடத்துல கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க, அவசரத்துல விட்டுட்டேன்."

"இப்ப என்ன வழி?"

"புதுத் தகரத்தைத் திரும்ப அறுக்கணும். நடுவுல ஜாக்கி குடுத்துத் தூக்கணும், கதவு நேராகற வரைக்கும். அப்புறம் பத்தவைக்கணும். அந்தப் பக்கத்துப் பெயிண்ட் பூரா போச்சு. மறுபடி முதல்லேருந்து."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள ஆகுமா?"

வாழ்க்கையில் முதல் தடவையாக அவர், "ஆகாது," என்றார்.

பிறகு அவர் தாடையைச் சொறிந்துகொண்டு, "மறைக்கலாம்," என்றார். "வெளியில கதவோட கீழ் ஓரத்துல பட்டி வெச்சு அகலப்படுத்திடறேன். மேல இடிக்கிறதை அரத்தால ராவிடறேன். கொக்கியை இறுக்கிடறேன். ஆனா உள்பக்கம் வெளிச்சம் தெரியுமே, அதுக்கு என்ன பண்றது?"

அதற்கு என்ன பண்ணுவது என்று அவளுக்குத் தெரியும். கதவு உட்காருகிற ஓரம் முழுக்கத் துணி சுற்றிய கயிறு ஒன்று ஓடும், பீடிங் என்பார்கள். சட்டைக் கழுத்துக்கு வைக்கிற பைப்பிங் மாதிரிதான், கொஞ்சம் பருமன். அதைத் தைக்கிற பொறுப்பு எப்படியும் அவளுடையதுதான். மற்ற மூன்று கதவுக்கும் ஒரே பருமனில் தைத்தாள். இடது முன்கதவுக்கு மட்டும் கயிற்றின் மேல் பஞ்சுத் துணியைப் பட்டை பட்டையாகச் சுற்றினாள், மேலே ஒரு சுற்று, நடுவில் மூன்று, கீழே எட்டு. எங்கே பருக்கத் தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாதபடி கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். மேலே ரெக்சினை இழுத்து, பொடித் தையலாகக் கையாலேயே தைத்தாள். இரண்டு நாள் ஆயிற்று. மாடியிலிருந்து செருப்புகள் ஏறி இறங்கின, அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வெட்கக்கேடு என்னவென்றால், அவள் இதுவரை தைத்ததிலேயே சுத்தமான வேலை அதுதான். மாட்டிப் பார்த்தால் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் திரும்பி வந்த டிரைவர் முதல் வேலையாகக் கதவைத் தள்ளிப் பார்த்தார். கொஞ்சம் அழுத்தித் தள்ளினால் டம்மென்று மூடிக்கொண்டது.

"நான் சொன்னேன்ல, பழகினா சரியாயிடும்னு!" என்று குழந்தை மாதிரி இரண்டு தரம் திறந்து மூடினார். "பாரு, சந்தே தெரியலை. என்னமோ நீ பயந்தே!"

அவளுக்கு அழுகை வந்தது. வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பல் டாக்டர் வந்தார், மனைவியோடும் ஆறு வயது மகளோடும். ஒல்லியான, சிரித்த முகம். டிரைவர் பிடித்துத் தைத்த வெள்ளைச் சட்டையில் நின்று முன்மூடியைத் திறந்து காட்டினார். எந்த வருடம் எந்த ஊருக்கு எத்தனை பேரை ஏற்றிக்கொண்டு போனது என்று வண்டியின் சரித்திரத்தைச் சொன்னார். டாக்டர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். ஆயிடும் அண்ணனும் ஓர் ஓரமாக நின்றார், போகவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை அவரால்.

"பட்டி நிறைய போட்டிருக்கீங்களா?" என்று டாக்டர் உடம்பைத் தட்டிப் பார்த்தார்.

"பட்டி இல்லாம பழைய வண்டி ஏது சார்? நீங்களும் நானும் ஒரே தொழில்தான். ஓட்டையை அடைக்கறோம்," என்றார் ஆயிடும் அண்ணன், சிரிப்பு வரவழைத்துக்கொண்டு.

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "அடைக்கறோம்தான். ஆனா நான் சொத்தையை முழுக்கச் சுரண்டி எடுத்துட்டுத்தான் அடைப்பேன். உள்ள சொத்தையை வெச்சு மேல பூசினா, ரெண்டு மாசத்துல அவன் கன்னத்தைப் பிடிச்சிக்கிட்டு வந்து நிப்பான்."

எல்லாரும் சிரித்தார்கள். திங்கக்கிழமை, இன்னும் ஒரு நாள், பணத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடட்டும் என்று டெய்லரக்கா மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

டாக்டர் பையிலிருந்து பணம் வைத்த கவரை எடுத்துவிட்டார். அப்போதுதான் அந்தப் பெண்குழந்தை இடது முன்கதவைத் திறந்துகொண்டு ஏறி உட்கார்ந்தது. "நான் இங்கதான் உக்காருவேன், தினமும் இங்கதான்," என்று இடம் பிடித்தது. கால் தரை எட்டவில்லை. ஆட்டிக்கொண்டே பக்கத்தில் ஓடிய பீடிங்கைப் பிடித்து அழுத்திப் பார்த்தது.

"அம்மா, இது கீழ மட்டும் குண்டா இருக்கு!"

டாக்டர் குனிந்து விரலால் தடவிக்கொண்டு போனார். வாய்க்குள் விரல் விட்டே பழகிய கை, சும்மா இருக்குமா? மேலேயிருந்து கீழே, கீழேயிருந்து மேலே. "அட, ஆமா. கொஞ்சம் கொஞ்சமா பருத்துக்கிட்டே வருது. பிரமாதமா தைச்சிருக்காங்களே. யார் வேலை?"

"என் வீட்டுக்காரி சார்," என்றார் டிரைவர். நெஞ்சு நிமிர்ந்தது அவருக்கு. "கையாலேயே தைச்சது."

"ஏம்மா இந்தக் கதவுக்கு மட்டும் இப்படி?"

"அது ஒரு டிசைன் சார்," என்று முந்திக்கொண்டார் ஆயிடும் அண்ணன்.

டிசைன் என்று அவளும் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளைக்கு ஷட்டரைத் தூக்கிவிடலாம். அவள் வாயைத் திறந்தாள். குழந்தை அவளை அண்ணாந்து பார்த்துக்கொண்டு, காலை ஆட்டிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்து வேகத்தடையும், காலடியில் ஓடிய தார் ரோடும் அவள் கண் முன்னால் வந்தன.

"கீழ சந்து பெரிசு சார். அதை மறைக்கத் தைச்சேன்," என்றாள்.

அவள் குழந்தையின் கையை மெதுவாக எடுத்துவிட்டு, பீடிங்கின் கீழ் முனையைப் பிடித்து இழுத்தாள். இரண்டு நாள் வேலை ஒரே இழுப்பில் வந்துவிட்டது. கதவை மூடினாள். வெளியில் பட்டியின் பளபளப்பு, உள்ளே தரையோரம் நீளமாக வெளிச்சம். அவள் டேப்பை வைத்துக் காட்டினாள். "மேல ஒரு நூல் இல்லை. கீழ அஞ்சு நூல். உடம்பு தொய்ஞ்சிருக்கு. ஒரு தடவை ஓடும்போது இந்தக் கதவு திறந்துக்கிச்சு. நான்தான் உக்காந்திருந்தேன்."

டாக்டர் குழந்தையைத் தூக்கி வெளியே நிறுத்தினார். கவர் பைக்குள் போயிற்று. அவர் மனைவிதான் பொரிந்து தள்ளினாள். "அவ கண்ணுல படலைன்னா என்ன பண்ணியிருப்பீங்க? குடுத்திருப்பீங்கதானே? குழந்தைங்க இல்லையா உங்க வீட்டுல?"

இல்லைதான். அதைச் சொல்லவில்லை அவள். "தப்புதாம்மா," என்று மட்டும் சொன்னாள்.

அவர்கள் போன பிறகு தங்கச்சி தலையில் கைவைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். "அண்ணி, தைச்சதும் நீங்க, பிரிச்சதும் நீங்க. நடுவுல என் பேரையும் கெடுத்துட்டீங்க. இனிமே அவர் கடைப்பக்கம் வந்தா நான் மூஞ்சியை எங்க வெச்சிக்கறது? ஆனா சொல்லாம விட்டிருந்தா உங்களை நானே சும்மா விட்டிருக்க மாட்டேன், அது வேற," என்று மூக்கை உறிஞ்சினாள். ஆயிடும் அண்ணன் எப்போது நழுவினார் என்று யாரும் பார்க்கவில்லை.

டிரைவர் கதவுப் பக்கத்திலேயே நின்றார். சந்துக்குள் கட்டைவிரலை விட்டு எடுத்தார். மறுபடி விட்டார்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"மாட்டின அன்னிக்கே."

"நான் வெட்டினதாலதான்?"

அவள் டேப்பைச் சுருட்டினாள்.

"ஏன் சொல்லலை?"

"சட்டையைப் போட்டுப் பார்த்துக்கிட்டு நின்னீங்க. எப்படிச் சொல்றது?"

அவர் வெள்ளைச் சட்டையைக் கழற்றி, மடித்து, அவள் கையில் கொடுத்துவிட்டுத் தெருப்பக்கம் போய்விட்டார். மத்தியானம் சாப்பிட வரவில்லை. சாயங்காலம் வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். வாய்விட்டுத் திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

திங்கக்கிழமை சாயங்காலம் வரை அவள் காத்திருக்கவில்லை. காலையிலேயே கடிகாரக்காரரிடம் போய், "எனக்காக வெச்சிருக்க வேணாங்க," என்று சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வருத்தமாகத்தான் பார்த்தார். செல்போன் கவர் விற்கிறவன் ஒருவன் அங்கேயே நின்று ஷட்டரின் அகலத்தை அளந்துகொண்டிருந்தான். டேப்பைக் கோணலாகப் பிடித்திருந்தான். நேராகப் பிடி தம்பி என்று சொல்ல வாய் வரை வந்தது, விழுங்கிக்கொண்டு திரும்பினாள். வழியில் தூறல் பிடித்துக்கொண்டது.

கட்டடத்தை நெருங்கும்போதே பல்லைக் கூசவைக்கிற அந்தச் சத்தம் கேட்டது. ஓடினாள். பின்முற்றத்தில் தார்ப்பாய்க்குக் கீழே டிரைவரின் இரண்டு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. இடது பக்கத்துப் புதுத் தகரம் நீளமாக அறுபட்டிருந்தது. ஆறு மாதம் பாடுபட்டு அடித்த பெயிண்ட் கருகிச் சுருண்டு தொங்கியது. ஆனால் இந்தத் தடவை கதவு கழற்றப்படவில்லை. மாட்டினபடியே இருந்தது. அடியில், நடுவில், மரக்கட்டை வைத்து அதன்மேல் ஜாக்கி நின்றது.

சத்தம் நின்றது. "வந்துட்டியா? கடை என்ன ஆச்சு?" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

"வேற ஆள் எடுத்துக்கிட்டாங்க."

கட்டரைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "டேப்பு வெச்சிருக்கியா?"

"கழுத்துலதான் இருக்கு."

"கதவுகிட்ட நில்லு. நான் ஏத்தறேன். நீ அளந்து சொல்லு."

அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து டேப்பைச் சந்தில் வைத்தாள். ஜாக்கி ஒரு சுற்று சுற்றியது. எங்கேயோ இரும்பு முனகியது. "அஞ்சு நூல்," என்றாள். இன்னொரு சுற்று. "அஞ்சுதான்." இன்னொன்று. மேற்கூரைப் பக்கம் பெயிண்ட் படக்கென்று வெடித்தது. 

"என்ன சத்தம்? நிறுத்தட்டுமா?"

"பெயிண்ட்தான். நிறுத்தாதீங்க."

"நாலு நூல்." "மூணரை." அவள் எழுந்து மேல் மூலையை அளந்தாள். அங்கே இடிபட்டுக் கிடந்த இடம் வாய் திறந்திருந்தது, ஒரு நூல், ஒன்றரை நூல். குனிந்தாள், நிமிர்ந்தாள். தூறல் முதுகில் விழுந்தது. ஆயிடும் அண்ணன் கதவோரத்தில் வைத்த பட்டி விண்டு அவள் காலடியில் விழுந்தது. அதை விரலால் சுத்தமாக வழித்து எடுத்துவிட்டு மறுபடி அளந்தாள். "இன்னும் கொஞ்சம். அரைச் சுத்து. கால். போதும், போதும்! கீழ ரெண்டு, மேல ரெண்டு."

"மெதுவா சாத்திப் பாரு. அறையாதே."

இரண்டு விரலால் தள்ளினாள். கதவு தன் கனத்தில் தானே போய், டொப் என்று, தலையணையில் தலை வைக்கிற மாதிரி உட்கார்ந்தது. இந்தச் சத்தத்தை அவள் இதுவரை கேட்டதே இல்லை. முதலாளிக்கு ஓட்டிய காலத்தில் அவர் கேட்டிருப்பார்.

அவள் டேப்பைத் திரும்பக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"கேட்டுச்சாங்க?"

"கேட்டுச்சு." குரல் உடைந்திருந்தது. அவர் அழுகிறார் என்று தெரிந்தது. அவள் குனிந்து பார்க்கவில்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்த மனுஷன் மழை விட்டாத்தான் பத்தவைக்க வருவாரு. கையில குடுக்கவும் ஒண்ணும் இல்லை. ஜாக்கியை எடுத்தா மறுபடி தொய்ஞ்சிடும்," என்றார்.

"அப்ப எடுக்காதீங்க," என்றாள் அவள். "நூலோட்டி வெச்ச மாதிரி இருக்கட்டும். தைக்கறப்ப தைச்சுக்கலாம்."

மழை பெரிசாகப் பிடித்துக்கொண்டது. அவள் தார்ப்பாயை இழுத்து, அவர் கால்களையும் சேர்த்து மூடினாள்.